எல்லாத்துக்கும்தான்

"நீங்கதானே சொன்னீங்க, அவ வேணாம்னு சொன்னா விட்டுடணும், வற்புறுத்தக் கூடாதுன்னு. நீங்கதானே மேடம் சொன்னீங்க. அவ சொன்னா, நான் விட்டுட்டேன். இப்ப வந்து மாத்திரையைச் சொல்லலைங்கிறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று தனபாக்கியம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தபோது, பெண்கள் வார்டில் மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கைகள் எல்லாம் அப்படியே நின்றன. இமல்டா குரலைத் தணித்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன், அவ தூங்குறா" என்றாள். "தூங்கட்டும். நேத்து அடுக்களை நிலையில போய் முட்டிக்கிட்டு விழுந்து, ஒண்ணு நின்னு அடுத்தது, அது நின்னு அடுத்ததுன்னு வலிப்பு வெட்டிவெட்டி இழுத்துச்சே, அப்ப நீங்க பார்த்திருக்கணும். இனிமே கண்ணைத் திறப்பாளான்னு நான் நின்னேன். நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம்." "நான் சாப்பாட்டைப் பத்திச் சொன்னேன் தனபாக்கியம்மா. உடுத்துற துணியைப் பத்திச் சொன்னேன்." "இல்ல. நான் கேட்டேன். வாசல் வரைக்கும் உங்க பின்னாலயே வந்து, எல்லாத்துக்குமா மேடம்னு கேட்டேன். எல்லாத்துக்கும்தான்னீங்க." பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப்போட்டுக் கிடந்த மணப்பாறைக்காரி, சினிமாவில் இடைவேளை விட்டதுபோல ஒரு பெருமூச்சு விட்டாள். தனபாக்கியம் ஒயர்க்கூடையைத் தூக்கிக்கொண்டாள். நேற்றிலிருந்து இதே சேலை, வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். ஒரு துண்டுத் தாளில் மடித்த மாத்திரையை இமல்டாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மூடியும் விட்டாள். "முழிச்சதும் போடணும்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. நீங்களே குடுங்க." நாலடி போனவள் நின்று, திரும்பாமலே, "கேட்டுக் குடுங்க" என்றாள்.

கேட்டுக் குடுங்க. இமல்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டூலின் ஒரு கால் குட்டை, உட்கார்ந்தவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அந்தச் சாய்மானத்தை இடுப்பால் தாங்கிக்கொண்டு, வார்டு முழுக்கத் தன்னைப் பார்க்கவில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். இந்த முகத்தைக் கான்வென்ட்டில் கற்றுக்கொடுத்தார்கள். பிரம்படி வாங்கியபிறகு இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும் முகம். நாற்பத்தேழு வயதில் இன்னும் வேலை செய்கிறது, வாங்கிய பிரஷர் குக்கர்கூட இத்தனை நாள் உழைத்ததில்லை. கட்டிலில் தனபாக்கியத்தின் மகள் பூங்கோதை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இடது புருவத்துக்கு மேலே தையல், அதைச் சுற்றிக் கத்தரிக்காய் நிறத்தில் வீக்கம். முப்பத்தோரு வயதுப் பெண், தூக்கத்தில் எட்டு வயது. இல்லை, இதைத்தான் சொல்லக்கூடாது, இப்படி நினைப்பதே தப்பு என்று பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவள் இமல்டாதான்: "உங்க பொண்ணு பெரியவ, உங்க பையன் பெரியவன், குழந்தைன்னு சொல்லாதீங்க, குழந்தைன்னு சொல்லிச் சொல்லியே வளரவிடாமப் பண்ணிடுறீங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். டீ குடித்துவிட்டுப் போனார்கள். போய்க் குழந்தை என்றே சொன்னார்கள். தனபாக்கியம் மட்டும் சொல்லவில்லை. தனபாக்கியத்தின் தப்பே அதுதான், மற்றவர்கள்போல இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தால் இன்றைக்கு இந்தத் தையல் கிடையாது. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்ப்பவள், இத்தனை அரிசிக்கு இத்தனை பருப்பு என்றால் ஒரு கரண்டி கூடவோ குறையவோ விடமாட்டாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களிடம் யோசித்துப் பேச வேண்டாமா? ஆனால் சாப்பாட்டைத்தான் சொன்னேன். சாப்பாட்டைத்தான்.

இமல்டாவின் வேலைக்குப் பேர் கேஸ் மேனேஜர்; கேஸ் என்றால் ஏதோ கோர்ட்டுக் கேஸ் என்று நினைத்துக்கொண்டு, மருமகள் வக்கீலிடம் வேலைக்குப் போகிறாள் என்று அவள் மாமியார் உறையூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். போய்ச் சேரும்வரை அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மாற்றிச் சொல்லியிருந்தாலும் என்ன சொல்வது? வளர்ந்த மனிதர்கள், கை கால் வராதவர்கள், பேச்சு வராதவர்கள், கணக்கு வராதவர்கள், அவர்களுக்கு உதவித்தொகை வந்ததா, பஸ் பாஸ் வந்ததா, அண்ணன் அடிக்கிறானா, மெழுகுவர்த்தி செய்கிற இடத்தில் வேலை போட்டுத் தருவார்களா, மலச்சிக்கலா, மாதவிலக்கு நின்றுவிட்டதா, எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான், என்றா? மகள் பெங்களூருக்குப் படிக்கப் போனபிறகு, வீட்டில் சும்மா இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவளைக் கணவர் ஜெயசீலன்தான், "மாற்றுத்திறனாளிகள் மையத்துல ஆள் கேக்குறாங்களாம், போயேன், வீட்ல என்னைத் திட்டுற நேரம் மிச்சமாகும்" என்று அனுப்பிவைத்தார். போனாள். போன இடத்திலும் திட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அங்கே அதற்கு வாதாடுதல் என்று பேர் வைத்திருந்தார்கள். தாசில்தார் ஆபீசில் வாதாடினாள், பஸ் கண்டக்டரிடம் வாதாடினாள், அப்பா அம்மாக்களிடம் அதைவிட அதிகம் வாதாடினாள். எதற்கெடுத்தாலும் முழு வாக்கியம். கான்வென்ட்டில் படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி, ஒன்றை முழு வாக்கியமாக, ஏற்ற இறக்கத்தோடு சொல்லிவிட்டால் அது உண்மையாகவும் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது. எல்லாத்துக்கும்தான். அது முழு வாக்கியம்கூட இல்லை. பையில் குடையைத் தேடிக்கொண்டே சொன்னது. மழை வருகிற மாதிரி இருந்தது, சத்திரம் பஸ்ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது, குடையோ அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே மாட்டிக்கொண்டது, பின்னால் ஒரு குரல் எல்லாத்துக்குமா மேடம் என்றது. குடை கிடைத்துவிட்டது. எல்லாத்துக்கும்தான். பஸ்ஸும் கிடைத்துவிட்டது. ஜன்னலோர சீட் வேறு.

"முழிச்சிருச்சா?" என்றாள் மணப்பாறைக்காரி. "இன்னும் இல்லைங்க." "எழுப்பிராதீங்க. எங்க நாத்தனா மவனுக்கும் இந்த மாதிரிதான் வரும். வந்துட்டுப் போனா ஒரு பகல் பூராத் தூங்குவான். முழிச்சதும் பசி தாங்காது, ஆளையே கடிப்பான்." இமல்டா சிரித்துவைத்தாள். "நீங்க டீச்சரா?" "இல்லைங்க, மையத்துல இருந்து வர்றேன்." "பார்த்தா டீச்சர் மாதிரிதான் இருக்கீங்க. அந்தம்மாவும் உங்களைத் தலைமையாசிரியரைத் திட்டுற மாதிரிதான் திட்டுச்சு. ரொம்ப மரியாதையாத் திட்டுச்சு." இவளுக்குக் கால் உடைந்திருக்கிறது, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இமல்டா மின்விசிறியைப் பார்த்தாள், அது சுற்றுகிற சுற்றுக்கு ஒருதரம் கட் கட் என்றது. உள்ளங்கையில் மாத்திரைத் தாள் வியர்வையில் நமத்துப்போய்க்கொண்டிருந்தது. வெள்ளை மாத்திரை, நடுவில் ஒரு கோடு. சாப்பாட்டை, துணியை. இட்லி வேணாம்னா விட்டுடுங்க, ஒருவேளை பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆயிடாது, அடுத்த வேளை அவளே கேப்பா. இது சொன்னது. பச்சைச் சுடிதார் வேணாம்னா சிவப்பை எடுத்துக் குடுங்க. இதுவும் சொன்னது. அதற்குமேல் சொல்லவில்லை. மாத்திரை என்ற வார்த்தையே அன்றைக்கு என் வாயில் வரவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன். அன்றைக்கு வரவில்லை. அன்றைக்கு. அவள் நினைப்பு அந்த 'அன்றைக்கு' மேல் கால் இடறி நின்றது. கேட்டுக் குடுங்க என்று இப்போது தனபாக்கியம் எறிந்துவிட்டுப் போனாளே, அது யாருடைய வாக்கியம்? அது இமல்டாவுடையது. எதைப் பற்றிச் சொன்னது? முதல்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது, தனபாக்கியம் பூவன்பழத்தை நடுவில் கீறி, மாத்திரையை உள்ளே சொருகி, கீறிய இடத்தை விரலால் மூடி மகள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பண்றீங்க நீங்க? ஏமாத்துறீங்களா? அவ வாய்க்குள்ள என்ன போகுதுன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா? கையில குடுங்க. இது எதுக்குன்னு சொல்லுங்க. கேட்டுக் குடுங்க." பழத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. படித்த பெண் சொல்கிறாள் என்று தனபாக்கியத்தின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தை அன்றைக்கு இமல்டா ரசித்தாள். ஆமாம், ரசித்தாள், இதில் மறைக்க என்ன இருக்கிறது. மாத்திரையைச் சொல்லவில்லையாம். வேறு எதைச் சொன்னாளாம்?

தாகமாக இருந்தது. தண்ணீர் பாட்டில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது, எட்டி எடுத்தால் ஸ்டூல் கிறீச்சிடும், அவள் முழித்துக்கொள்வாள், முழித்தால் மாத்திரை. முழிக்காமல் இருக்கட்டும். தனபாக்கியம் வந்துவிடட்டும். அவளே கொடுத்துக்கொள்ளட்டும், பழத்திலோ பாயசத்திலோ. ஏன் எனக்கு இந்த வேலை, ஒரு அரசுத் தேர்வு எழுதி ஏதாவது ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம், யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்காமல். ஆனால் கற்றுக்கொடு என்று கேட்டதே தனபாக்கியம்தானே. அதை யாராவது ஞாபகம் வைத்துக்கொள்கிறார்களா? தெருமுனை மாவு மில்காரன், குட்டிம்மா வா, பொரிகடலை தர்றேன் என்று கூப்பிட்டானாம், இவள் போய்விட்டாளாம். தாய் தேடிக்கொண்டு ஓடி, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாளாம். "ஒண்ணும் ஆகலை மேடம். ஒண்ணும் ஆகலை. ஆனா யாரு கூப்பிட்டாலும் போயிடுறா. வாயைத் திறன்னா திறக்கிறா, உக்காருன்னா உக்கார்றா. நான் கூட இருக்கிற வரைக்கும் சரி. நான் சத்துணவுக்குப் போயிடுறேனே. இவளுக்கு ஒரே ஒரு வார்த்தை கத்துக் குடுத்துடுங்க, வேணாம்னு." இப்படிக் கேட்டது அவள். இமல்டாவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அந்த 'ஒண்ணும் ஆகலை'யைத் தனபாக்கியம் ஏன் இரண்டுதரம் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே, பிசைந்த சோற்றைத் தெருநாய்க்கு வைத்தாள்.

கற்றுக்கொடுப்பது லேசா? மையத்தில் அதற்கு சாய்ஸ் டிரெய்னிங் என்று பேர், பேர் வைப்பதில் மட்டும் குறைச்சலில்லை. பூங்கோதைக்கு எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். கொடுப்பவர் முகத்தைப் பார்ப்பாள், கொடுப்பவர் சந்தோஷமாக இருந்தால் அவளுக்கும் சந்தோஷம். பாகற்காயை வாயருகே கொண்டுபோனால் முகம் சுளிக்கும், கண்ணில் தண்ணீர் வரும், வாய் மட்டும் திறக்கும். "சொல்லு பூங்கோதை, வேணாம். வே-ணாம்." திறந்த வாய். "பிடிக்கலைன்னா சொல்லு, மிஸ் எடுத்துடுவேன்." திறந்த வாய். மழைக்காலம் முழுக்கப் பாகற்காய். மையத்துச் சமையல்காரி, இந்தப் பாவமெல்லாம் உங்களைத்தான் சேரும் மேடம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி வறுத்துக் கொடுத்தாள். அப்புறம் ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பூங்கோதை கையால் கரண்டியைத் தள்ளிவிட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு வேணாம் சொன்னாள். ஆம்பிளைக் குரல் மாதிரி. இமல்டா எழுந்து நின்று கை தட்டினாள். சமையல்காரி தட்டினாள், சக்கர நாற்காலியில் இருந்த ஸ்தனிஸ்லாஸ் மேசையைத் தட்டினான், வாட்ச்மேன் எட்டிப் பார்த்து என்ன ஏது என்று தெரியாமலே தட்டினார். பூங்கோதையின் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சம்! அதற்கப்புறம் அவள் வேணாம் சொல்லும்போதெல்லாம் தட்டினார்கள். வீட்டிலும் தட்டுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிழை அங்கேதான், இப்போது தெரிகிறது, இந்தக் கட் கட் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவள் கற்றுக்கொண்டது வேணாம் என்பதையா, கைதட்டலையா? மெஷினில் காசு போட்டால் மிட்டாய் விழுகிற மாதிரி. வேணாம் என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இட்லி வேணாம், தட்டு. சீப்பு வேணாம், தட்டு. மாத்திரை வேணாம். "நானும் தட்டினேன் மேடம்" என்று இன்று காலையில் போனில், சண்டையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், வெறும் செய்தி சொல்கிற குரலில் தனபாக்கியம் சொன்னாள். "மாத்திரை வேணாம்னு சொல்லிட்டு என் கையையே பார்த்தா. நீங்க சொன்ன மாதிரி நானும் தட்டினேன்." அதைக் கேட்டபோது இமல்டா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். தோசை கருகியது. ஜெயசீலன், "என்ன வாசம்?" என்று உள்ளேயிருந்து கேட்டார். வாசமாம்.

ஆனால் அந்த மில்காரன்? அதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? தை மாதத்தில் ஒரு சாயங்காலம் அவன் மறுபடியும் கூப்பிட்டான், இவள் கடை வாசலில் நின்று, வேணாம் என்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடிவந்தார். மில்காரன், நான் ஒண்ணும் பண்ணலை, அதுக்குப் பைத்தியம் என்றான். "அதுக்குப் பைத்தியம்னா நீ ஏண்டா கூப்பிட்ட?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாளாம். அன்று சாயங்காலமே தனபாக்கியம் மையத்துக்கு வந்து, இமல்டாவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இதே கை. இப்போது மாத்திரை நமத்துக்கொண்டிருக்கிற கை. அந்த வார்த்தை அவளைக் காப்பாற்றியது, அதே வார்த்தை அவளைத் தரையில் போட்டு வெட்டி இழுத்தது. இரண்டையும் தராசில் வைத்தால் எது இறங்கும்? சே, இதென்ன நினைப்பு. இதற்குத் தராசு வேறு. இமல்டா படித்த கான்வென்ட் போர்டிங்கில் சனிக்கிழமை விடிந்ததும் விளக்கெண்ணெய்க்கு வரிசையில் நிற்க வேண்டும். சிஸ்டர் கரண்டியோடு நிற்பார், ஒரே கரண்டி எல்லோருக்கும். இமல்டாவுக்கு முன்னால் நின்ற ரோஸ்லின் ஒரு சனிக்கிழமை 'நோ சிஸ்டர்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிஸ்டர் கோபப்படவில்லை, கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கினார், வாய் தானாகத் திறந்தது. அடுத்து இமல்டா. கரண்டி வருவதற்கு முன்பே அவள் வாயைத் திறந்துவிட்டாள். 'குட் கேர்ள்.' அந்த குட் கேர்ளை நினைத்தால் இன்றைக்கும் நாக்கில் எண்ணெய் படிகிறது. அப்புறம் எத்தனை கரண்டி! கோவிலில் பாதர் சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்றவள். வேலைக்குப் போகாதே என்றபோது சரி, போயேன் என்றபோது சரி. நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிறவள் என்று ஊரில் பேர், ஆனால் யோசித்துப் பார்த்தால் பேச்சு பூராவும் சரி சொன்னதற்கு அப்புறம்தான், முனகல்தான். அதனால்தான் அந்த வேணாமைக் கேட்டபோது அப்படிக் கை தட்டினாளா? பூங்கோதைக்காகத் தட்டினாளா, இல்லை ரோஸ்லினுக்காகவா? யாருடைய வார்த்தையை யார் வாயில் வைத்தாய் நீ?

போன் அதிர்ந்தது. மையத்து இயக்குநர், சாரநாதன் சார். எடுக்காமல் விடலாம். எடுத்தாள். "இமல்டா மேடம், பொண்ணு எப்படி? நல்லது, நல்லது. இங்க பாருங்க, அந்தம்மா கோவத்துல ஏதாவது சொல்லும். நம்ம பயிற்சியில மருந்து விஷயமே கிடையாது, அதை மட்டும் தெளிவாச் சொல்லிடுங்க. சொன்னீங்களா?" "சொன்னேன் சார்." "என்ன சொல்லுச்சு?" "நீங்கதானே சொன்னீங்கன்னு சொன்னாங்க." "அது அப்படித்தான் சொல்லும். நீங்க அசையாதீங்க." அசையாதீங்க. ஸ்டூலே அசைகிறது. "சார், நான் சொல்லியிருக்கேன்னு நினைக்கிறேன்." "எது?" "மாத்திரையையும்தான். சொல்லியிருக்கேன்." அவர், "சிக்னல் சரியில்லை மேடம், நேர்ல பேசுவோம்" என்றார். சிக்னலுக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டோமே என்று ஒரு நிமிஷம் லேசாக இருந்தது, மறு நிமிஷமே, சாரநாதனிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டியவள் வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது. அவள் முகத்துக்கு நேரே, சொல்லவில்லை என்று சாதித்தாயிற்று. வார்டே சாட்சி.

நர்ஸ் வந்தாள், சின்னப் பெண், கையில் டிரே. "மாத்திரை போட்டாச்சா?" "எழுந்ததும்..." "சோத்து வண்டியே போயிடுச்சும்மா, இன்னுமா? எழுப்பிப் போடுங்க. திறக்கலைன்னா மூக்கைப் பிடிங்க, தானாத் திறக்கும்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மணப்பாறைக்காரி தலையணைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து நீட்டினாள். "இதுக்குள்ள வச்சுத் தள்ளிருங்க. எங்க நாத்தனா அப்படித்தான் பண்ணுவா." இமல்டா பழத்தைப் பார்த்தாள். இரண்டு கீறல், ஒரு விரல் அழுத்தம், முடிந்தது காரியம். தனபாக்கியம் வரும்போது, போட்டுட்டா என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. மறுபடி மூன்று முறை, நாலு முறை வெட்டி இழுப்பதைவிடவா ஒரு பழம் பாவம்? அடுத்தமுறை வந்தால் நிற்காமலே போய்விடலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். வேணாம் என்று சொல்லிவிட்டால்? சொல்லித் தொலைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? மூக்கைப் பிடிப்பேனா? பிடிப்பேன். பிடித்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அவளிடம் போய், உன் வாய் உன்னுடையது என்பேன்? "வேண்டாங்க" என்று அவள் பழத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மணப்பாறைக்காரி தோளைக் குலுக்கிவிட்டு அதைத் தானே உரிக்கத் தொடங்கினாள்.

பூங்கோதை கண்ணைத் திறந்திருந்தாள். எப்போது திறந்தாளோ தெரியவில்லை. அசையாமல், வீங்கிய புருவத்துக்குக் கீழேயிருந்து இமல்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பூங்கோதை. மிஸ் வந்திருக்கேன். தெரியுதா?" கண் சிமிட்டியது. இமல்டா முதுகுக்குக் கைகொடுத்து அவளை எழுப்பி உட்கார்த்தினாள். உடம்பு சூடாக, கனமாக, எங்கே சாய்த்தாலும் சாய்ந்தது. தாளைப் பிரித்து உள்ளங்கையில் மாத்திரையைக் காட்டினாள். "இது மாத்திரை. இது போட்டா நேத்து மாதிரி வராது. விழ மாட்ட. அடிபடாது. போட்டுக்கிறியா?" கேட்டாயிற்று. இனி அவள் சொல்ல வேண்டும். இமல்டா, அடிவயிற்றிலிருந்து வருகிற அந்த ஆம்பிளைக் குரலுக்காகக் காத்திருந்தாள். வந்துவிடக் கூடாதே. பூங்கோதை மாத்திரையைப் பார்த்தாள். இமல்டாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். உள்ளே நாக்கின் ஓரம் கடிபட்டுக் கறுத்திருந்தது. அப்பாடா என்று இமல்டா மாத்திரையை வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அப்பாடா. மாதாவே. முடிந்தது. "குட் கேர்ள்" என்று சொல்லிவிட்டாள். சொன்னது தன் காதிலேயே விழுந்தது. பூங்கோதையின் வாய் மறுபடியும் திறந்தது. "போட்டாச்சும்மா. அவ்வளவுதான்." திறந்தே இருந்தது. "பசிக்குதா? தயிர்சாதம் வேணுமா, வேணாமா?" திறந்த வாய். இமல்டா வெறும் கரண்டியை எடுத்து அருகே கொண்டுபோனாள். வாய் அதை வாங்கிக்கொண்டது, சப்பியது, மறுபடியும் திறந்தது. மணப்பாறைக்காரி, "பாவம், அதுக்குப் பசி" என்றாள். "நாக்கு வலிக்குதா, பூங்கோதை? அதான் பேசலையா?" நாக்குதான். வலிதான். நாக்கு ஆறினால் வந்துவிடும், இதற்குப் போய் ஏன் உள்ளங்கால் வரைக்கும் ஜில்லென்று இறங்குகிறது? மில்லின் கதவு இன்றைக்கும் திறந்துதான் இருக்கும். மாவு பறந்துகொண்டிருக்கும். தனபாக்கியம் என்றைக்காவது வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பக்கத்திலிருந்து மணப்பாறைக்காரி வாழைப்பழத்தோலை நீட்டி, இதைக் கொஞ்சம் குப்பையில போடுறீங்களா என்றாள். இமல்டா வாங்கினாள். என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அந்தத் தோல் பூங்கோதையின் உதட்டருகே போய்விட்டது. கசங்கிய தோல், ஈ உட்கார்ந்த தோல். வாய் திறந்தது. இமல்டா அதைக் கீழே போட்டாள், அந்தத் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லு. பூங்கோதை, மிஸ்ஸைப் பாரு. வேணாம்னு சொல்லும்மா. மெதுவாச் சொன்னாப் போதும். ஒரே ஒரு தடவை, வேணாம்னு சொல்லேன்."